நூல் மூச்சு

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. நீ, அண்ணி, பட்டுக்குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி தேவலையா?

போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் நான் அழுவேன், நீ திட்டுவாய், வாண்டு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்பான். எழுதினால் மூன்று பேரும் பிழைத்தோம்.

இந்தக் குளிரில் அவனுக்கு மறுபடி இழுப்பு. நாலு வயதுப் பிள்ளை. மார்க்கூடு உள்ளே போய்ப் போய் வருகிறது. டாக்டரம்மா மருந்தைப் புகையாக்கி முகத்தில் மாட்டுகிற மெஷின் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அது கிளம்பும் சத்தத்துக்கே இவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். நேற்று நான் காலைப் பிடித்து இழுக்க, அவன் "அம்மா, மெஷின் என் மூஞ்சியத் தின்னுது!" என்று கதற, இவர் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல மாட்டணும்?" என்கிறார். சிரித்துவிட்டேன். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சின்னப் பிள்ளைகளுக்கென்றே உறிஞ்சுகிற மருந்துப் பொடி ஒன்று வருகிறது, அதில்தான் நீ இப்போது வேலை செய்கிறாய் என்று அண்ணி சொன்னார். வாண்டுக்கு ஆகுமா? விவரமாக எழுது. நானும் பௌதிகம் படித்தவள்தான். எல்லாம் பால் பாட்டிலோடு சேர்ந்து கழுவிப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். பட்டுவுக்கு முத்தம்.

உன் எலி

---

பிப்ரவரி 27

என் எலிக்குட்டிக்கு,

நாங்கள் சௌக்கியம். கழுத்து வலியும் சௌக்கியமாக இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, அல்லது பிள்ளை மிச்சம் வைப்பதுதான் சாப்பாடா?

வேலையைக் கேட்டாய். நான் பொடியைத் தொடுவதே இல்லை. கம்ப்யூட்டருக்குள் உருண்டைகளை உருட்டுகிறேன். ஒவ்வொரு மருந்துத் துகளும் ஓர் உருண்டை. இத்தனை பொடிசாக இருப்பவை ஒன்றையொன்று தொட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் இருப்பதெல்லாம் கொத்துக் கொத்துதான். கொத்தாகவே உள்ளே போனால் தொண்டையில் மோதி அங்கேயே உட்கார்ந்துவிடும். நுரையீரலின் கடைசி மூலைவரை போகவேண்டுமானால் தனித்தனியாகப் பிரியவேண்டும். பிரிப்பது யார்? பிள்ளை உறிஞ்சுகிற காற்று. ஓடுகிற காற்றில் ஓர் இடம் வேகம், ஓர் இடம் மந்தம். அதில் மாட்டிய கொத்து சுழலும், நீளும், இடுப்பு ஒடுங்கும், பட்டென்று இரண்டாகும். ஒவ்வோர் உருண்டையையும் காற்று எவ்வளவு இழுக்கிறது, பக்கத்து உருண்டை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று கணக்குப் போடவேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிவதைக் கம்ப்யூட்டர் வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் அறையில் இதற்கெல்லாம் வேறு பெயர். கொத்துக்குக் 'கூட்டுக் குடும்பம்'. பிரிந்துபோகிற துகள் 'தனிக்குடித்தனம்'. எவ்வளவு காற்றடித்தாலும் கழன்று போகாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கிறதே, அது 'வீட்டோட மாப்பிள்ளை'. மேலாளர் காலையில் வந்ததும் கேட்பது, "என்னப்பா, ராத்திரி எத்தனை தனிக்குடித்தனம்?" புதிதாகச் சேர்ந்த பெண் முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு, விவாகரத்து வக்கீல் ஆபீசுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று பயந்துவிட்டாள்.

பொடியை உறிஞ்சுகிற கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். சத்தமே கிடையாது. கடைக்கு வருமுன் வாண்டு கைக்கு வரும், அது என் பொறுப்பு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஒட்டிக்கொண்டு கிடக்கிறவரை இல்லை, அசல் மாப்பிள்ளையை.

அண்ணன்

---

மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

கழுத்தோடு விளையாடாதே, தலையணையை மாற்று. இந்த வாரம் வாண்டு நன்றாக ஓடுகிறான். அதனால் நானும் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "தனிக்குடித்தனந்தான் நல்லதுன்னு உங்கண்ணனுக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தான் தெரியணுமா?" என்றார்.

நான் சமையலறையில் ஒரு சோதனை செய்தேன். சிரிக்காதே. தண்ணீரில் ஒரு பிடி மாவைக் கொட்டி, கரண்டியால் மெல்லக் கலக்கினேன். கட்டிகள் கரண்டி கூடவே சுற்றி வந்தன, ஒன்றும் உடையவில்லை. வேகமாக அடித்ததும்தான் கரைந்தது.

அப்போதிலிருந்து ஒரே யோசனை. இழுப்பு இல்லாத நாளில் வாண்டு நன்றாகவே மூச்சை இழுக்கிறான். இழுப்பு வந்துவிட்டால் உள்ளே போவது வெறும் நூல், அண்ணா. நூல் மாதிரி மூச்சு. மருந்து தேவைப்படுவதே அப்போதுதானே? அந்த நூல் மூச்சு உன் கூட்டுக் குடும்பத்தைப் பிரிக்குமா? அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தீர்களா?

டாக்டரம்மாவிடம் பொடி என்று ஆரம்பித்ததுமே, "இழுக்கிற குழந்தைக்கு உறிஞ்சற தெம்பு எங்கேம்மா இருக்கு? மெஷின்னா அதுவே ஊட்டிடும்" என்றார். என் அண்ணன் இதிலேயே ஊறியவன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மானத்தைக் காப்பாற்று.

பட்டுவுக்குப் பல் விழுந்ததா? அண்ணி உடம்பு எப்படி?

எலி

---

ஏப்ரல் 19

என் எலிக்குட்டிக்கு,

பதில் தாமதம், கோபிக்காதே. இங்கே எல்லோரும் நலம். வாண்டு ஓடுகிறான் என்று படித்ததில் சந்தோஷம்.

நீ மாவு கரைத்ததை எங்கள் அறையில் சொன்னேன். "உங்க தங்கச்சியையே வேலைக்கு எடுத்துக்கலாமா? கரண்ட் செலவு மிச்சம்" என்றார் மேலாளர். நல்ல கேள்வி கேட்பதில் நீ என்றைக்கும் கெட்டிக்காரி.

இத்தோடு ஒரு சின்ன மீட்டர் அனுப்புகிறேன். இதன் குழாயை வாயில் வைத்துப் பிள்ளை உறிஞ்சினால், காற்று எந்த வேகத்தில் போயிற்று என்று உள்ளே பதியும். சின்னப் பிள்ளைகளின் மூச்சு கிடைப்பது எங்களுக்குக் குதிரைக்கொம்பாக இருக்கிறது. பல முறை உறிஞ்சச் சொல். அதில் நன்றாக வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடு. விட்டு விட்டு இழுத்தது, இருமியது, அழுதுகொண்டே இழுத்தது எல்லாம் கணக்கைக் கெடுக்கும். பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் பண்ண உனக்கு நானா சொல்லித் தரவேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

---

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலந்தானே? இங்கே வீடே திருவிழாவாக இருக்கிறது, காரணம் உன் மீட்டர்.

முதல் நாள் அவன் அதில் ஊதினான். இரண்டாம் நாள் கடித்தான். மூன்றாம் நாள், "உறிஞ்சுடா தங்கம்" என்றால், "அது வெறும் காத்து, எனக்கு வேணாம்" என்கிறான். என்னடா செய்வது என்று இருந்தபோது இவர்தான் வழி கண்டுபிடித்தார். "டேய், யானை எப்படித் தண்ணி குடிக்கும்?"

"தும்பிக்கையால!"

"உனக்கு இருக்கா?"

மீட்டர் குழாய் தும்பிக்கை ஆயிற்று. அறையைச் சுற்றி ஓடிவந்து, காதை ஆட்டிக்கொண்டு, ஒரே இழுப்பு! எண்ணைப் பார்த்து நானே நம்பவில்லை. அப்புறம் பேராசை வந்துவிட்டது. இன்னொரு தடவைடா, இன்னொரு தடவைடா என்று தினமும் பழக்கினேன். இப்போது அனுப்பியிருப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. மற்றதை நீ சொன்னபடி அழித்துவிட்டேன். ஊரிலேயே முதல் மார்க் வாங்குமா இந்த மூச்சு, பார்த்துச் சொல்.

மறந்துவிட்டாய் போல. அந்த நூல் மூச்சைக் கேட்டிருந்தேனே?

எலி

---

ஜூலை 21

என் எலிக்குட்டிக்கு,

எல்லோரும் நலம். எனக்கு மூச்சு விட நேரமில்லாத இரண்டு மாதம். இன்றுதான் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

தேறிவிட்டோம்! வாண்டுவின் மூச்சில் ஓட்டியதும் ஒரு கொத்துகூடத் தாக்குப்பிடிக்கவில்லை, குடும்பம் குடும்பமாகச் சிதறின. பெரிய திரையில் போட்டுக் காட்டினேன், மேலே உள்ளவர்கள் கைதட்டினார்கள். உன் பிள்ளையின் மூச்சுதான் இனிமேல் எங்கள் கணக்கில் அத்தனை பிள்ளைகளுக்கும் மூச்சு. எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், சொன்னேனா?

பொடி கருவியோடு வருகிறது. இழுப்பு என்று தெரிந்த உடனே ஒன்று கொடு. ஒரு விஷயம். அந்தப் புகை மெஷினைப் பெட்டியில் போட்டுக் கட்டி மேலே ஏற்றிவிடு. இரண்டையும் கீழே வைத்துக்கொண்டிருந்தால் பயத்தில் நீ அதைத்தான் எடுப்பாய், பிள்ளை இதற்குப் பழகமாட்டான். என்னை நம்பு.

வாண்டுக்கு மாமாவின் முத்தம்.

அண்ணன்

---

செப்டம்பர் 30

அண்ணா,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம். விளையாடிக்கொண்டிருந்தவன் வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசவில்லை. கழுத்துக் குழி உள்ளே போயிற்று. பயப்படவில்லை நான், உன் பொடி இருக்கிறதே என்று. கருவியை வாயில் வைத்து, "யானைடா, தும்பிக்கைடா, இழு" என்றேன். இழுத்தான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற மாதிரி இழுத்தான். குறையவில்லை. இன்னொன்று கொடுத்தேன். இன்னொன்று. உதடு நீலமானது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு, அண்ணம் எல்லாம் வெள்ளை. பொடி முழுக்க அங்கேயே அப்பிக்கிடந்தது.

மெஷின் மேலே இருந்தது. ஸ்டூலைத் தேடி, ஏறி, நான் கட்டிய கயிற்றை நானே பல்லால் கடித்து அவிழ்த்தேன். அதற்குள் அவன் தரையில் கிடந்தான். கீழ்வீட்டுத் தையல்காரர் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் மூச்சைக் கொண்டுவந்துவிட்டார்கள். அது வருவதற்குள் தலைக்குள் என்னவோ போய்விட்டது. கண்ணைத் திறந்திருக்கிறான். என்னைப் பார்க்கிறான். அம்மா என்று கூப்பிடவில்லை. இனிமேல் பேச்சு வருமா என்று கேட்டால் டாக்டரம்மா என் தோளைத் தட்டுகிறார்.

நான் கருவியைத் தப்பாகப் பிடித்துவிட்டேனா? அதை மட்டும் சொல். வேறொன்றும் வேண்டாம்.

எலி

---

அக்டோபர் 22

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. மிகவும் வருந்துகிறோம். வாண்டு சீக்கிரம் தேறவேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

கருவியை எப்படிப் பிடித்தாய் என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. தவறு நேர்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வீடுகளிலிருந்தும் புகார் வந்திருப்பதால் மேலே விசாரிக்கிறார்கள். நீ அனுப்பிய மூச்சு இயல்பாக எடுத்ததில்லை, விளையாட்டுக் காட்டி, பல நாள் பழக்கி எடுத்தது என்பது இப்போதுதான் எங்கள் கவனத்துக்கு வருகிறது. அதை நம்பித்தான் முழுக் கணக்கும் போட்டோம்.

ஒரு காகிதம் இணைத்திருக்கிறேன். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறது: பிள்ளையைப் பழக்கியது நீ, மற்ற மூச்சுகளை அழித்தது நீ. கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் ஒருவன் பிழைப்பு மட்டும் இல்லை, எங்கள் அறையில் எல்லோருடைய பிழைப்பும் இதில் இருக்கிறது. அதுவரை வெளியே யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடாதே.

தைரியமாக இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

---

நவம்பர் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

எனக்கு உன்னைப் போலக் கோவையாக எழுத வராது. பேசுவது போலவே எழுதுகிறேன். நீ எப்படி இருக்கேன்னு கேக்கவே வாய் வரலைம்மா. வாண்டு ஏதாவது வாய் திறந்தானா? பட்டு தினம் கேக்குறா.

உங்கண்ணன் ஏதோ காகிதம் அனுப்பினாராமே, நீ பதிலே போடலைன்னு வீட்டுல ஒரே சிடுசிடுப்பு. அவரைத் தப்பா மட்டும் நினைச்சுடாதே. பிள்ளைங்கன்னா அவருக்கு உசிரு. ஜூன் மாசம் பட்டுவுக்குச் சளி பிடிச்சு இழுத்துச்சு பாரு, அப்ப நான், வீட்டுலதான் அந்தப் பொடி டப்பா டப்பாவாக் கிடக்கே, ஒண்ணு குடுப்போம்னு கையில எடுத்தேன். எங்கிருந்தோ பாய்ஞ்சு வந்து தட்டிவிட்டார். "பைத்தியமா உனக்கு? மெஷின எடுடி!"ன்னு கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் என்னை 'டி' போட்டதே இல்ல. பொடி சுவரெல்லாம் தெறிச்சுது. அப்படிப்பட்ட மனுஷன் உன் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பாரா சொல்லு?

மனசைத் தளர விடாதே. சும்மாவாவது ஒரு வரி எழுது.

அண்ணி

---

நவம்பர் 9

அண்ணா,

நான் நலம். வாண்டு அப்படியே இருக்கிறான்.

காகிதம் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் எனக்கு இரண்டு வேண்டும்.

மாவு கரைத்த நாளிலிருந்து கேட்கிறேன். நூல் மூச்சை ஓட்டிப் பார்த்தாயா, இல்லையா? இந்தத் தடவை என்னைக் கெட்டிக்காரி என்று எழுதாமல் பதில் எழுது.

இன்னொன்று. பட்டுவுக்கு இழுப்பு வந்திருக்கிற ஒரு நாளாகப் பார்த்து அவளை இங்கே கூட்டிக்கொண்டு வா. என் கண் முன்னால் அந்தப் பொடியை அவள் உறிஞ்சட்டும். நீ கருவியைப் பிடி. எப்படிப் பிடிப்பது என்று நானும் தெரிந்துகொள்கிறேன். அவள் உறிஞ்சி முடித்ததும் கையெழுத்து.

அண்ணி நல்லவர். அவரிடம் கோபப்படாதே.

தங்கை

---

நவம்பர் 20

என் எலிக்குட்டிக்கு,

உன் கடிதம் கண்டு ஆறுதல். நீ நலமாக இருப்பதே எங்களுக்குப் பெரிது.

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டிப் பார்த்தேன். நீ மாவு கரைத்ததாக எழுதிய அந்த வாரமே. குடும்பம் இடத்திலேயே சுழன்றது, ஒன்றும் பிரியவில்லை. எழுதியிருந்தால் நீ வீணாகப் பயந்திருப்பாய். எங்களுக்கும் அது வேண்டாத தலைவலி, மேலே உள்ளவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். படித்தவள் நீ, புரிந்துகொள்வாய். அவ்வளவு மெல்லிய காற்றில் எவன் செய்த பொடியும் பிரியாது. அது பொடியின் குறையில்லை, மூச்சின் குறை.

பட்டு விஷயம் சரி. அவளுக்கு நேற்றிலிருந்து சளி, லேசாக இழுக்கவும் செய்கிறது. நீ கேட்டபடியே ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன். அண்ணிக்குச் சொல்லவில்லை, அத்தை வீட்டுக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினையும் வண்டியில் வைத்துக்கொள்கிறேன். ஒரு தடவைதான், அதற்கு மேல் கேட்காதே. காகிதத்தில் தேதி போடாமல் வை, நான் போட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன் அண்ணன்

---

நவம்பர் 23

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம்.

நான் அப்படிக் கேட்டது, நீ முடியாது என்று சொல்வதற்காக. "பைத்தியமா உனக்கு?" என்று அன்றைக்கு அண்ணியிடம் கத்தினாயே, அதில் பாதி எனக்கும் எழுதியிருந்தால் போதும். கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். பழியை நானே சுமந்துகொண்டு, பிள்ளைக்குப் பயப்படுகிற ஒரு மனுஷன் எனக்கு அண்ணனாக மிச்சம் இருக்கிறான் என்று இருந்திருப்பேன். இவரிடம்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். நீ தேதியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

கடிதம் வந்ததும் அண்ணிக்குப் போன் செய்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். "மறுபடி படி" என்றார். மறுபடி படித்தேன். அழவில்லை. "எந்த வண்டில வரணும்?" என்று மட்டும் கேட்டார். நீ வேலையிலிருந்து திரும்பி, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். பட்டுவை டாக்டரம்மா பார்த்தார், இழுப்பு இறங்கிவிட்டது. உன் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டோம். மற்ற வீடுகளில் இருக்கிறவர்களுக்கும் அது போய்ச் சேரும். உன் அறைக்கு ஆட்கள் வந்தால் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்.

பட்டு வந்ததிலிருந்து வாண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான்டா, பட்டு" என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். அவன் திரும்பவில்லை. சாப்பிடும்போது, "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

"வரமாட்டாரு. தட்டைப் பார்த்துச் சாப்பிடு."

சொன்னது நான் இல்லை, அண்ணி.

தங்கை